ஃபோனை எத்தனை மணி நேரம் பாக்கறீங்கங்கறது இல்ல, எத்தனை தடவை எடுக்கறீங்கங்கறதுதான் கேள்வி

கேள்வி: டாக்டர், எனக்கு 29 வயசு, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். ஒரு வருஷமாவே வேலையில மனசு நிக்க மாட்டேங்குது. கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேரை ஓபன் பண்ணி நாலு பில் போடறதுக்குள்ள கை ஃபோனுக்குப் போயிடுது, ஷார்ட்ஸ், ரீல்ஸ், நியூஸ் சேனல் விவாதம், கிரிக்கெட் ஸ்கோர்னு அரை மணி நேரம் ஓடிடுது. போன மாசம் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னை கடைசி நாளான 20ஆம் தேதி ராத்திரி 11 மணிக்குத்தான் போட்டேன், முதலாளி சத்தம் போட்டுட்டார். ஃபோன்ல பாத்தா ஒரு நாளைக்கு 6 மணி 40 நிமிஷம், அன்லாக் 143ன்னு காட்டுது. எனக்கு ஏடிஹெச்டிங்கற கவனக்குறைபாடு இருக்குமோ? ஞாபக சக்திக்கு மாத்திரை எடுக்கலாமா? ஃப்ரெண்ட் டோபமைன் டீடாக்ஸ் பண்ணுன்னு சொல்றான். ஆனா வாட்ஸ்அப்பை எடுக்கவே முடியாது, பில் எல்லாம் அதுலதான் வருது.

பதில்: தம்பி, நீங்க எழுதினதுல என் கண்ணுல பட்டது அந்த 6 மணி 40 நிமிஷம் இல்ல, 143. தூங்கற நேரம் போக 17 மணி நேரம் முழிச்சிருக்கீங்கன்னு வச்சாலும் சராசரியா 7 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஃபோனைத் திறக்கறீங்க. சாப்பிட்டு முடிச்சு உக்காந்து மூணு மணி நேரம் ஒரே படத்தைப் பாக்கறவருக்கும் நேரம் போகுதுதான், ஆனா அவர் மனசு ஒரு இடத்துல இருக்கு. உங்களுக்குப் போறது நேரம் மட்டும் இல்ல, கவனமும் துண்டு துண்டாப் போகுது, அதனால "நேரத்தைக் குறைக்கணும்"னு மட்டும் முடிவு எடுத்தா அது ரெண்டாவது நாளே உடைஞ்சு போகும்.

ஒரு பில் போடறதையே எடுத்துக்குங்க. பார்ட்டி பேரு, பில் நம்பர், அளவு, ரேட், வரி, போன மாசம் இதே பார்ட்டிக்கு எதையோ திருத்தினோமேங்கற ஞாபகம், இது எல்லாத்தையும் ஒரே நேரத்துல மூளை கையில ஏந்திக்கிட்டு நிக்குது. அந்த இடம் ரொம்பச் சின்னது. நடுவுல ஸ்கோர் பாக்கப் போனா ஏந்தினதை எல்லாம் கீழ போட்டுட்டுத்தான் போக முடியும், திரும்பி வந்தா ஒண்ணொண்ணா பொறுக்கணும், அதுக்குள்ள அந்த ஓவர்ல என்ன ஆச்சுங்கற நெனப்பு வேற பாதி இடத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். இந்த மிச்ச நெனப்பைப் பத்தி சோஃபி லெராய்ங்கறவங்க 2009ல ஒரு ஆய்வுக் கட்டுரை போட்டாங்க, ஒரு வேலையைப் பாதியில விட்டுட்டு அடுத்ததுக்குப் போனா மனசுல ஒரு பகுதி பழைய வேலையிலயே தங்கிடுது, புது வேலை சொதப்புது. கலிஃபோர்னியாவுல குளோரியா மார்க்குங்கற பேராசிரியை ஆஃபீஸ்ல வேலை பாக்கறவங்களோட கவனத்தை அளந்துக்கிட்டு வந்தாங்க, 2004 வாக்குல ஒரு ஸ்கிரீன்ல சராசரியா ரெண்டரை நிமிஷம் கண்ணு நின்னுச்சு, அப்புறம் வந்த வருஷங்கள்ல அது 47 செகண்டுக்கு இறங்கிடுச்சு. அதனால இது உங்க ஒருத்தருக்கு மட்டும் வந்த குறைன்னு நெனச்சு மனசைப் போட்டு வதைச்சுக்காதீங்க.

என் கிளினிக்ல ஒரு நாள், உங்க வயசுப் பையன்தான், பிரஷர் பாக்க இடது கையில பட்டையைச் சுத்திக் காத்து ஏத்திக்கிட்டு இருந்தேன், கையை ஆட்டக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன். அவர் வலது கை தானா சட்டைப் பாக்கெட்டுக்குப் போச்சு, எடுத்துப் பாத்தார், ஒண்ணும் வரல. "வைப்ரேட் ஆச்சு சார்"னார். ஆகவே இல்ல. இப்படி அதிராத ஃபோன் அதிர்ந்த மாதிரித் தோணுறது நெறைய பேருக்கு இருக்கு, இது பைத்தியம் இல்ல, மூளை அந்த அதிர்வுக்காகவே காது தீட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். ஆனா அவர் கை போனதை அவர் கவனிக்கவே இல்லைங்கறதை நீங்க யோசிச்சுப் பாருங்க, உங்களோட 143லயும் பாதிக்கு மேல அப்படித்தான் இருக்கும். "மனசைக் கட்டுப்படுத்து"ன்னு யார் சொன்னாலும் வேலைக்கு ஆகாததுக்குக் காரணம் இதுதான், மனசுக்குத் தெரியாமலே நடக்கறதை மனசு எப்படித் தடுக்கும்?

இப்ப டோபமைன் விஷயம். டோபமைன்ங்கறது மூளையில சுரக்கற ஒரு ரசாயனம், அதை வடிச்சு எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது, மூளையில அது குறைஞ்சு போறதாலதான் பார்க்கின்சன் நோய்க்காரங்களுக்குக் கை நடுங்கி நடை இறுகுது. டோபமைன் சுகத்தைக் கொடுக்கற சுரப்புன்னு ஃபோன்ல வர்ற வீடியோவுல சொல்றாங்க, அதுவும் பாதி உண்மைதான், சுகம் வரப்போகுதுங்கற எதிர்பார்ப்புலதான் அதோட வேலை அதிகம். தூண்டில் போட்டுக் குளத்துக்கரையில உக்காந்திருக்கறவரைப் பாருங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு மீன் கண்டிப்பா வரும்னா எழுந்து டீ குடிச்சுட்டு வந்துடுவார், எப்பக் கடிக்கும்னு தெரியாததாலதான் இடத்தை விட்டு அசைய மாட்டார். ரீல்ஸும் அப்படித்தான், ஒம்போது சப்புன்னு இருக்கும், பத்தாவது ஒண்ணு சிரிப்பு மூட்டும், எது பத்தாவதுன்னு தெரியாது. அதனால ஒரு நாள் முழுக்க எதையும் பாக்காம, யார்கிட்டயும் பேசாம இருக்கற அந்த டீடாக்ஸ் உங்களுக்கு வேண்டாம். ஞாயித்துக்கிழமை பட்டினி கிடந்துட்டுத் திங்கக்கிழமை ரெட்டிப்பா சாப்பிடற கதையாத்தான் முடியும்.

ஏடிஹெச்டியா இருக்குமோன்னு கேட்டிருக்கீங்க. அது 28 வயசுல திடீர்னு வர்ற வியாதி இல்ல, அறிகுறி 12 வயசுக்கு முன்னாடியே இருந்திருக்கணும். அம்மாகிட்ட கேளுங்க, பழைய ரேங்க் கார்டு பீரோவுல இருந்தா எடுத்துப் பாருங்க, கிளாஸ்ல உக்கார மாட்டான், பென்சில் பாக்ஸைத் தொலைச்சுட்டு வருவான், பாதிப் பரீட்சையில எழுந்து வருவான்னு டீச்சருங்க அப்பவே சொல்லியிருந்தாங்கன்னா ஒரு மனநல மருத்துவரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க. அப்படி எதுவும் இல்லாம ஒரு வருஷமாத்தான் இந்தத் தொந்தரவுன்னா ஏடிஹெச்டியா இருக்க வாய்ப்பு கம்மி. ஞாபக சக்தி மாத்திரைக்குக் காசைக் கொட்டாதீங்க, அதுக்குப் பதிலா ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர், வைட்டமின் பி12 இந்த நாலையும் ஒரு தடவை பாத்துடுங்க, சைவம் மட்டும் சாப்பிடறவரா இருந்தா பி12 கண்டிப்பா. குறட்டை விட்டு மூச்சு அடைக்கறதா வீட்டுல யாராவது சொன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, தூக்கம் கெட்டவங்களுக்குக் கவனமும் கெடும்.

என்ன பண்ணலாம்னா, முதல் ஒரு வாரம் எதையும் குறைக்க வேண்டாம், தினம் ராத்திரி அந்த அன்லாக் எண்ணிக்கையை மட்டும் ஒரு டைரியில எழுதுங்க. ரெண்டாவது வாரத்துல இருந்து ஆஃபீஸ் நேரத்துல ஃபோன் மேசை மேல இருக்கக் கூடாது, பாக்கெட்லயும் கூடாது, எழுந்து நாலு எட்டு நடந்து எடுக்கற மாதிரி அலமாரியிலயோ பையிலயோ இருக்கணும். கை தானா போறதைத் தடுக்க அந்த நாலு எட்டுதான் மருந்து, எழுந்திரிக்கும்போதே எதுக்கு எழுந்தோம்னு உங்களுக்கே தெரிஞ்சுடும். வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டர்ல திறந்து வச்சுக்குங்க, பார்ட்டிங்க அனுப்பற பில் அதுலயே வரட்டும், சொந்தக்காரங்க குரூப், ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் குரூப் எல்லாத்தையும் நிரந்தரமா மியூட் பண்ணிட்டு ஆர்க்கைவ்ல தள்ளிடுங்க. அம்மா, முதலாளி, இன்னும் ரெண்டு பேர் நம்பரை ஸ்டார் பண்ணி டிஸ்டர்ப் பண்ணாதே மோடைப் போட்டா அவங்க கால் மட்டும் அடிக்கும், மத்தது அடிக்காது. அவசரத்துக்கு எட்ட மாட்டோமோங்கற பயம்தான் நெறைய பேரை ஃபோனைக் கட்டிக்கிட்டு இருக்க வைக்குது, இதுல அந்தப் பயம் போயிடும்.

11ஆம் தேதி ரிட்டர்ன், 20ஆம் தேதி ரிட்டர்ன்னு மாசத்துல ரெண்டு நெருக்கடி உங்களுக்கு இருக்கு. அதுக்கு முந்தின மூணு மூணு நாள் காலையில முதல் ஒன்றரை மணி நேரத்தை பில் என்ட்ரிக்கு மட்டும் ஒதுக்குங்க, முடிச்சுட்டு டீக்குப் போறப்போ ஃபோனைத் தாராளமா பாருங்க. பாக்கவே கூடாதுன்னு நான் சொல்லல, பாக்கறதை ஒரு இடத்துல குவிச்சுப் பாருங்கங்கறேன். நியூஸ் விஷயத்துல மட்டும் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன், ராத்திரி விவாதத்துல ஆறு பேர் கத்தறதைக் கேட்டு உங்களுக்குப் புதுசா ஒண்ணும் தெரியப் போறதில்ல, நெஞ்சு படபடப்புதான் மிச்சம். காலையில பத்து நிமிஷம் பேப்பர் படிங்க, நேத்து நடந்தது எல்லாம் சுருக்கமா அதுல இருக்கும்.

ராத்திரி சார்ஜரை ஹாலுக்கு மாத்துங்க, அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கிக்குங்க. நீல வெளிச்சம்தான் தூக்கத்தைக் கெடுக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க, 2015ல அமெரிக்காவுல ஒரு ஆய்வுல தூங்கறதுக்கு முன்னாடி நாலு மணி நேரம் ஒளிவிடற ஸ்கிரீன்ல படிச்சவங்களுக்குத் தூக்கம் வரவைக்கற மெலட்டோனின் சுரப்பு குறைஞ்சுது, ஆனா தூக்கம் தள்ளிப் போனது சராசரியா 10 நிமிஷம்தான். உங்க தூக்கத்துல ஒரு மணி, ஒன்றரை மணி போகுதுன்னா அது வெளிச்சத்தால இல்ல, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு தள்ளறதாலதான், அதுக்கு நீல வெளிச்சத்தைத் தடுக்கற மூக்குக்கண்ணாடி வாங்கிப் பிரயோஜனம் இல்ல.

முதல் பத்து நாள் எரிச்சலா இருக்கும், கை சும்மா இருக்காது, டீக்கடையில தனியா நிக்கறது கஷ்டமா இருக்கும், இதை முன்னாடியே சொல்லிடறேன், அப்பத்தான் பயந்து விட மாட்டீங்க. நடுவுல ரெண்டு நாள் தவறினாலும் பரவாயில்ல. 2025ல வந்த ஒரு ஆய்வுல 467 பேர் ரெண்டு வாரம் ஸ்மார்ட்ஃபோன்ல நெட்டை மட்டும் அடைச்சு வைக்க ஒத்துக்கிட்டாங்க, கால், மெசேஜ் எல்லாம் உண்டு, கம்ப்யூட்டர்ல நெட் பாக்கலாம். பெரும்பாலானவங்களால ரெண்டு வாரமும் முழுசா இருக்க முடியல, இருந்தும் மொத்தமா எடுத்துப் பாத்தா ஒரே விஷயத்துல கவனத்தை நிறுத்தற திறன் கூடியிருந்துச்சு, மனநிலையும் தேறியிருந்துச்சு.

ஆனா ஒண்ணு, ஃபோனை வச்சுட்டாலும் எதுலயும் ஈடுபாடு இல்ல, காலையில எழுந்திரிக்கவே பிடிக்கல, சாப்பாடு இறங்கல, வாழ்ந்து என்ன பண்றதுங்கற நெனப்பு வருதுன்னா, அங்க ஃபோன் காரணம் இல்ல, நீங்க ஃபோன்ல ஒளிஞ்சுக்கறீங்கன்னு அர்த்தம். அப்ப உடனே அரசோட மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் பண்ணுங்க, இலவசம், தமிழ்லயே பேசுவாங்க. ஃபோன் பழக்கத்தை விட முடியாதவங்களுக்குன்னே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில 2014ல இருந்து தனி கிளினிக் நடக்குது, திருப்பூர்ல இருந்து ஒரு ராத்திரிப் பயணம்தான்.

உங்க 143ஐ ஒரே மாசத்துல 20 ஆக்கச் சொல்லல, 80க்கு வந்தாலே பில் போடறதுல வித்தியாசம் தெரியும். அடுத்த 3பியைப் போட்டு முடிச்சதும் எத்தனை மணிக்கு முடிச்சீங்க, அன்னிக்கு டைரியில எவ்வளவு எழுதியிருந்தீங்கன்னு ரெண்டையும் எனக்கு எழுதுங்க, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்புங்க.