இறக்கி வைத்த பாட்டு யாருடையது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். மாதம் 119 ரூபாய் சந்தா கட்டி ஒரு பாட்டுச் செயலியை ஒன்றரை ஆண்டாக வைத்திருந்தேன். பயணத்தில் கேட்பதற்கென்று முந்நூறு பாட்டுகளை டவுன்லோடு செய்திருந்தேன். வங்கி அட்டை காலாவதியாகிவிட்டதால் போன மாதச் சந்தா போய்ச் சேரவில்லை. ரயிலில் உட்கார்ந்து போனை எடுத்தால் ஒரு பாட்டும் ஓடவில்லை. என் போனில் இருக்கும் பாட்டை எனக்கே தராமலிருக்க அவர்களுக்கு உரிமை உண்டா? பேசாமல் விலைக்கே வாங்கிவிடலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: உண்டு, ஐயா. சேர்ந்த அன்று 'ஏற்கிறேன்' என்று ஒரு கட்டத்தைத் தட்டியிருப்பீர்கள். அந்த உரிமையை அப்போதே கொடுத்துவிட்டீர்கள்.

டவுன்லோடு என்ற சொல்தான் ஆளைக் கவிழ்க்கிறது. பாட்டு உங்கள் போனில் இருப்பது உண்மை. ஆனால் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. சாவியைச் செயலி நிறுவனம் தன் கையில் வைத்துக்கொண்டு, சந்தா வந்துகொண்டிருக்கும்வரை திறந்துவிடுகிறது. ஸ்பாட்டிஃபையில் சந்தா ஒழுங்காகக் கட்டுகிறவர்கூட 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும். இல்லையென்றால் இறக்கி வைத்த பாட்டு ஓடாது.

நம் வயதுக்காரர்கள் இதில் ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. கோடு போட்ட தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு ரெக்கார்டிங் கடைக்குப் போனவர்கள் நாம். அறுபது நிமிடக் கேசட்டின் பி பக்கத்தில் மூன்று நிமிடம் மிஞ்சினால், கடைக்காரர் தனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார். கேட்காமல் வந்த அந்தப் பாட்டும் கேசட் தேயும்வரை நம்முடையதாகவே இருந்தது. (அந்தக் கடைகள் காப்புரிமை என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்குமா என்பது வேறு விஷயம்.) சந்தா வேறு வகை. தெருமுனை வாடகை நூலகத்தில் மாதக் கட்டணம் கட்டி நாவல் எடுத்துப் படித்தோமே, அந்த வகை. நூலகத்து நாவலை யாரும் தன் அலமாரிக் கணக்கில் சேர்த்ததில்லை.

சந்தா தவறாமல் கட்டினாலும் எல்லாப் பாட்டும் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2019இல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபோது வார்னர் நிறுவனத்தின் பாட்டுகள் அதில் இல்லை. 2024இல் ஜீ மியூசிக் நிறுவனத்துடன் உரிமப் பேச்சு முறிந்ததால் அதன் பாட்டுகள் அங்கிருந்து எடுக்கப்பட்டன. நிறுவனங்கள் சண்டை போட்டுக்கொள்ளும். உங்கள் பட்டியலில் நாலு வரி சாம்பல் நிறத்துக்கு மாறி, தட்டினாலும் அசையாமல் கிடக்கும்.

இனி கணக்குக்கு வருவோம். மாதம் 119 என்றால் ஆண்டுக்கு 1,428 ரூபாய். ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை 2012 டிசம்பரில் இந்தியாவில் திறந்தபோது ஒரு பாட்டு 7, 12, 15 ரூபாய் என்று மூன்று விலைகளில் விற்றது. இன்றைய விலையைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நான் 15 என்று வைத்துக்கொள்கிறேன். முந்நூறு பாட்டுக்கு 4,500 ரூபாய், அதாவது 38 மாதச் சந்தா. அவசரப்பட்டு முந்நூறையும் வாங்கிவிடாதீர்கள். அதில் நீங்கள் உண்மையிலேயே திரும்பத் திரும்பக் கேட்பது எத்தனை என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். நானும் என் பட்டியலை அப்படி எண்ணிப் பார்த்தேன், எண்பதைத் தாண்டவில்லை. எண்பது பாட்டு 1,200 ரூபாய். ஓராண்டுச் சந்தாவைவிடக் குறைவு.

புதுப்படப் பாட்டை வந்த அன்றே கேட்கிற பிள்ளைகளும், இன்று கஜல் நாளை ஜாஸ் என்று அலைகிறவர்களும் சந்தாவில் இருக்கட்டும். அவர்களுக்கு அது மலிவு. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் அலைகிறவராகத் தெரியவில்லை. சந்தாவை மறுபடி தொடங்காமல், அப்படி எண்ணித் தேறுகிற பாட்டுகளை மட்டும் வாங்குங்கள். ஆப்பிள் போன் இல்லாவிட்டாலும் விண்டோஸ் கணினியில் ஐட்யூன்ஸ் மென்பொருளைப் போட்டு வாங்கலாம்.

பட்டியல், கோப்பு என்றெல்லாம் அல்லாடப் பொறுமை இல்லையென்றால், சரிகம நிறுவனம் 2017இல் கொண்டுவந்த கார்வான் பெட்டியைப் பாருங்கள். ஐயாயிரம் பழைய பாட்டுகள் உள்ளேயே இருப்பதால் இணையமோ சந்தாவோ தேவையில்லை. தமிழ்ப் பாட்டுகளுக்கென்றே தனிப் பெட்டி உண்டு. குறை ஒன்றுதான்: பெட்டி பழுதானால் பாட்டும் அதோடு போகும்.

கேள்வி: 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்திக் காசு கொடுத்துவிட்டால் அந்தப் பாட்டு என்றைக்கும் நம்முடையதுதானே?
- மென்பொருள் ஊழியர், ஓசூர்

பதில்: பொத்தானில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக் கடையில் பாட்டு வாங்கியவர்களுக்கு 2008இல் ஓர் அறிவிப்பு வந்தது: உரிமம் வழங்கும் சர்வரை நிறுத்தப்போகிறோம், அதன் பிறகு புதுக் கணினிக்கு மாறினால் பாட்டு ஓடாது. வாடகைப் பாட்டுக்கு வந்த அறிவிப்பல்ல இது, விலைக்கு வாங்கிய பாட்டுக்கு வந்தது. கூச்சல் எழுந்ததும் தேதியைத் தள்ளிவைத்தார்கள். யாஹூவின் பாட்டுக் கடைக்கும் அதே ஆண்டில் அதே கதிதான்.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஃப்ளிப்கார்ட் 2012இல் ஃப்ளைட் என்ற பெயரில் எம்பி3 கடை திறந்து, அடுத்த ஆண்டே மூடிவிட்டது. ஆனால் அங்கே விற்றவை பூட்டில்லாத எம்பி3 கோப்புகள். அன்று இறக்கிப் பத்திரப்படுத்தியவரிடம் அவை இன்றும் ஓடும். கடை மூடியது எல்லா இடத்திலும் ஒன்றுதான். பூட்டு இருந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு பாட்டை மட்டும் வாங்கிச் சோதியுங்கள். கோப்பைப் பென் டிரைவில் போட்டு, அந்தக் கடையோடு சம்பந்தமே இல்லாத ஒரு கருவியில் சொருகுங்கள்; கார் ஸ்டீரியோ போதும். பாடினால் உங்களுடையது. ஐட்யூன்ஸ் பாட்டுகளில் பூட்டை 2009இலேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் அவை எம்பி3 அல்ல, ஏஏசி வகை. சில பழைய கார் ஸ்டீரியோக்கள் அதைப் படிக்காது. கணினியில் எம்பி3யாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது. உரிமம் மட்டும் தந்துவிட்டு 'வாங்கு' என்று போடுகிற கடை, அது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இங்கே நாம்தான் கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மூன்று மாதம் இலவசம் என்று ஒரு பாட்டுச் செயலியில் சேர்ந்தேன். பிடிக்கவில்லை, போனிலிருந்து நீக்கிவிட்டேன். இப்போதும் மாதாமாதம் பணம் போகிறது.
- இல்லத்தரசி, மதுரை

பதில்: செயலியை நீக்கினால் சந்தா நீங்காது, அம்மா. இரண்டும் வேறு வேறு. யுபிஐ வழியாகப் போகிறதென்றால், நீங்கள் பணம் அனுப்பும் செயலியில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். கார்டு வழியாக என்றால் வங்கியிடம் சொல்லி நிறுத்துங்கள். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும். கண்ணில் படாமல் கிடக்கும் குறுஞ்செய்திகளைத் தேடிப் பாருங்கள். ரத்து செய்யும் வழியை வேண்டுமென்றே ஒளித்து வைத்திருந்தால் அது 2023 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளின்படி 'சந்தாப் பொறி'; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம்.

கேள்வி: சேர்த்து வைத்த பாட்டுகளைப் பேரனுக்கு விட்டுச் செல்ல முடியுமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: சந்தாக் கணக்கில் இருப்பதை முடியாது. ஹார்டு டிஸ்கில் கோப்பாக இருப்பதைத் தாராளமாகக் கொடுத்துவிட்டுப் போகலாம். பழைய கேசட் பெட்டியைப் போல. இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். என் ஹார்டு டிஸ்க் மேசையிலிருந்து விழுந்த அன்று ஆயிரத்துச் சொச்சம் பாட்டுகள் போயின. வேறு பிரதி இல்லை. ஒரு பாட்டு ஏறக்குறைய பத்து எம்பி என்றால் ஆயிரம் பாட்டுக்குப் பத்து ஜிபி. கடையில் கிடைக்கிற சின்னப் பென் டிரைவே தாங்கும். இன்னொன்று: கோப்புக்குப் பாட்டின் முதல் வரியையும் படத்தையும் பெயராக வையுங்கள். 'ட்ராக் 07' என்று விட்டுவிட்டால் பேரன் திறந்துகூடப் பார்க்க மாட்டான்.