எல்கார்ட் ஆர்வி அருங்காட்சியகம்: எவ்வளவு நேரம், எதைப் பார்ப்பது?

கேள்வி: சிகாகோவில் வசிக்கிறோம். ஈஸ்டர் சமயத்தில் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைக்குக் காரில் செல்லும் வழியில், இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரிலுள்ள பழைய கேரவன்களின் அருங்காட்சியகத்தைக் காண எண்ணியிருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோரும், அட்டையில் வண்டி மாதிரிகள் செய்து பழகும் பன்னிரண்டு வயது மகனும் உடன் வருகிறார்கள். எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

பதில்: இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆர்வி/எம்ஹெச் ஹால் ஆஃப் ஃபேம் (ஆர்வி என்பது வீட்டு வசதியுள்ள பயண வண்டி, எம்ஹெச் என்பது தொழிற்சாலையில் கட்டப்படும் வீடு) எனப்படும் இந்த இடம் ஐ-80/90 சுங்கச்சாலையின் 96-ஆம் வெளிவழிக்கு அருகிலேயே இருப்பதால் வழி விலகிச் செல்ல வேண்டியதில்லை. ஆனால் எல்கார்ட் கிழக்கு நேர மண்டலத்தில் இருக்கிறது. சிகாகோவில் காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரண்டு மணி நேரம் ஓட்டினால், அங்கே கடிகாரம் பதினொன்றைக் காட்டும். ஈஸ்டர் வார இறுதியில் திறந்திருக்கிறதா என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுவதும் அவசியம்.

உள்ளே சென்றதும் 1913-ஆம் ஆண்டின் எர்ல் இழுவண்டியிலிருந்து தொடங்குங்கள். கூடாரத் துணி இல்லாமல் முழுச் சுவர்களோடு கட்டப்பட்ட பயண வண்டிகளுள் இன்றுவரை எஞ்சியவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படுவது இதுதான். அதை இழுத்த ஃபோர்டு மாடல் டி காரின் எஞ்சினுக்கு இருந்த ஆற்றல் 20 குதிரைத்திறன் மட்டுமே என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பிறகு காணும் வண்டிகள் பலவும் ஒரே சிக்கலுக்குத் தேடப்பட்ட வெவ்வேறு விடைகள் என்பது விளங்கும்: ஒரு வீட்டின் வசதிகளை எப்படி எடை குறைத்துச் சாலையில் இழுத்துச் செல்வது? இந்தக் கேள்வியோடு நடப்பவருக்கு இந்த அருங்காட்சியகம் நிறையக் கற்றுத்தரும். ஒவ்வொரு வண்டியின் முன்னும் ஆண்டையும் பெயரையும் மட்டும் படித்துக்கொண்டே நகர்பவருக்கு அரை மணியில் அலுத்துவிடும்.

மிக அழகான விடை 1935-ஆம் ஆண்டின் பௌலஸ் ரோடு சீஃப். இதை வடிவமைத்த ஹாலி பௌலஸ், எஞ்சினில்லா விமானங்களைக் கட்டியவர். விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் கட்டுமானத்திலும் பங்கேற்றவர். ஆகவே விமான உடலைப் போலவே அலுமினியத் தகடுகளை ரிவெட் எனும் உலோக ஆணிகள் அடித்து இணைத்து, அந்தத் தோலே பாரத்தைத் தாங்கும்படி செய்தார். கதவு பக்கச் சுவரில் இல்லாமல், காரோடு இணையும் கொக்கிக்கு மேலே முன்புறத்தில் இருப்பதைக் கவனியுங்கள். இவ்வண்டியின் விற்பனையில் ஈடுபட்ட வாலி பயம் அதே வழியில் சென்றுதான் 1936-இல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்னும் கேரவனை வெளியிட்டார்.

இதற்கு நேர்மாறானவை 1950-களின் ஷாஸ்டா போன்ற வண்டிகள். மரச்சட்டத்தின் மேல் மெல்லிய அலுமினியத் தகடு அடித்திருப்பார்கள். செலவு குறைவு, ஆனால் கூரையும் சுவரும் சேரும் விளிம்பில் மழைநீர் கசிந்தால் உள்ளிருக்கும் மரம் வெளியே தெரியாமலேயே உளுத்துப்போகும். பழுதில்லாமல் எஞ்சியவை குறைவாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம். உள்ளே எட்டிப் பார்க்க முடிந்தால், கூரை மூலைகளில் மரப்பலகை கறுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் பெற்றோருக்கு மே வெஸ்ட் என்னும் ஹாலிவுட் நடிகைக்காகப் பாரமவுண்ட் படநிறுவனம் கொடுத்த 1931 செவ்ரோலெட் வண்டியைத் தவறாமல் காட்டுங்கள். படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்கெனக் கேரவன் நிற்பதை நம்மூரில் எல்லோரும் அறிவார்கள். அதன் மூதாதையை, பின்புறச் சிறு திண்ணையோடு நேரில் பார்ப்பது அவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும்.

இனி உங்கள் மகனுக்கு. கேரவன் உடல்களில் ஒரு திசையில் மட்டும் வளைந்தவை, இரு திசைகளில் வளைந்தவை என இருவகை உண்டு. ஷாஸ்டாவின் பக்கச் சுவர்கள் தட்டையானவை, கூரை ஒரு திசையில் மட்டுமே வளைகிறது. எனவே அட்டையை வளைத்து ஒட்டினாலே வடிவம் வந்துவிடும். ஏர்ஸ்ட்ரீமின் முன்பின் முனைகளோ இரு திசைகளிலும் வளைபவை. அட்டையைப் பல இதழ்களாக வெட்டிச் சேர்த்தால்தான் அந்த உருண்டை கிடைக்கும். தொழிற்சாலையிலும் அம்முனைகளைப் பல தகட்டுத் துண்டுகளாகவே இணைத்தார்கள் என்பதை அங்கே ரிவெட் வரிசைகளைப் பின்தொடர்ந்து அவனே கண்டுகொள்ளட்டும். முதல் முயற்சிக்கு ஷாஸ்டாவே நல்லது.

படமெடுக்கும்போது வண்டியின் பக்கவாட்டுக்கு நேர் எதிரே, இடம் உள்ளவரை பின்தள்ளி நின்று, வண்டியின் பாதி உயரத்தில் கேமராவைப் பிடித்து, ஜூம் செய்து எடுக்க வேண்டும். அருகில் நின்று எடுத்தால் நடுப்பகுதி பெருத்து அளவு பிறழும். தகவல் பலகையில் வண்டியின் நீளம் இருந்தால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 16 அடி வண்டி 1:24 அளவில் 8 அங்குலமும், 1:64 அளவில் 3 அங்குலமும் ஆகும். அட்டை வேலைக்கு 1:24 ஏற்றது. அதற்கும் சிறிதானால் சன்னல் சட்டங்களை வெட்டுவது கடினம். அவனிடமுள்ள சிற்றுரு வண்டி ஒன்றைக் கையோடு கொண்டுவந்து அசலோடு ஒப்பிட்டால், பொம்மை செய்பவர்கள் எந்த நுணுக்கத்தை விட்டார்கள், எதை மிகைப்படுத்தினார்கள் என்பது உடனே புலப்படும்.

பழைய வண்டிகளின் படிகள் உயரமானவை, வாசல்கள் குறுகியவை. ஆகையால் பெற்றோர் எல்லாவற்றிலும் ஏற முயல வேண்டாம், வெளியிலிருந்தே சன்னல் வழியாகப் பார்க்கட்டும். எல்கார்டிலிருந்து கிளீவ்லாந்துக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். மாலைக் கச்சேரிக்குப் போய்ச் சேர வேண்டுமானால் பிற்பகல் ஒன்றரை மணிக்குமேல் அங்கே தங்காதீர்கள்.