அந்த 'ஒரு அப்பாவி' யார்?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் வரலாற்றைத் தொகுத்துக்கொண்டிருக்கிறோம். பெரியவர்களிடம் ஆண்டு, தேதி கேட்டால் இளவயதில் செய்த குறும்புகளையே சொல்கிறார்கள். ஒரு அப்பாவியின் தள்ளுவண்டியை ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றி, பள்ளிக்கூட மொட்டைமாடியில் ஏற்றிப் பூட்டிவைத்த கதையை மட்டும் ஏழு பேர் சொன்னார்கள். செய்த நால்வரின் பெயரும் கிடைத்துவிட்டது. இதெல்லாம் வரலாற்றில் சேருமா? எப்படிச் சரிபார்ப்பது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகச் சேரும். ஏழு வாய் சொல்லும் கதையை விட்டுவிட்டு ஊர் வரலாறு எழுதி என்ன பயன்? சரிபார்ப்பது பெரிய வித்தையில்லை, தனித்தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள், போதும்.

என்னை உறுத்தியது வேறு. வண்டியைத் தூக்கிய நால்வருக்கும் பெயர் இருக்கிறது. வண்டிக்காரர் மட்டும் 'ஒரு அப்பாவி'. ஏழு பேரிடம் பேசினீர்களே, ஒருவரிடமாவது அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லையா?

1810இல் லண்டன் பெர்னர்ஸ் தெருவிலும் இதே கதைதான். தியோடர் ஹூக் என்ற எழுத்தாளர், 54ஆம் எண் வீட்டுக்கு வரச்சொல்லி ஊரெல்லாம் கடிதம் போட்டார். விடிந்ததிலிருந்து புகைபோக்கி துடைப்பவர்கள், நிலக்கரி வண்டிகள், கேக் சுமந்தவர்கள், மருத்துவர்கள் என்று வந்து குவிந்தார்கள். நகர மேயர்கூட வந்தார். ஹூக் எதிர்வீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். மேயருக்கு என்ன, வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார். நிலக்கரி மூட்டையோடு வந்தவனுக்கு அன்றைய கூலி போச்சு. இருநூறு வருடமாக ஹூக்கின் சாமர்த்தியத்தைப் பேசுகிறார்கள், அவன் பெயரைக் கேட்டவர் யாரும் இல்லை.

அலாஸ்காவின் சிட்காவில் நடந்ததைப் பாருங்கள். போர்க்கி பிக்கர் என்பவர் 1974 ஏப்ரல் 1 அன்று, உறங்கிக் கிடந்த எட்ஜ்கம்ப் எரிமலையின் வாயில் ஹெலிகாப்டரில் பழைய டயர்களைக் கொண்டுபோய்ப் போட்டுக் கொளுத்தினார். கரும்புகையைப் பார்த்து ஊர் பதறியது. போலீசுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். கடலோரக் காவல் படைக்குச் சொல்ல விட்டுப்போனது. அவர்கள் பறந்து போய்ப் பார்த்தால், பனியில் ஐம்பதடி எழுத்தில் 'ஏப்ரல் ஃபூல்'! ஏமாந்தது ஊர் மொத்தமும். அதனால்தான் கதையும் ஊருக்கே சொந்தமாகிவிட்டது.

விடுதியில் படித்தபோது நாங்கள் நால்வர் ஒரு ஜூனியரின் கடிகாரத்தை மூன்று மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தோம். அன்று அவனுக்குப் பரீட்சை. குளித்துவிட்டு, தலை ஈரம் சொட்டச்சொட்ட, ஹால் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பூட்டிய அறை வாசலில் இருட்டில் நின்றான். நாங்கள் சிரித்தோம், அவனும் சிரித்தான். ஈரத்தில் ஒட்டியிருந்த அந்தக் காலர் இன்னும் கண்ணில் நிற்கிறது. கூடச் சிரித்த மூவரின் பெயரும் நினைவிருக்கிறது. அவன் பெயர் நினைவில்லை.

'வண்டிக்காரரும் சிரித்தாராமே' என்று எழுதிவிடாதீர்கள். நாலு பேர் சுற்றி நின்று சிரிக்கும்போது தனி ஆள் வேறென்ன செய்வார்?

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் இல்லையென்றால் பிள்ளைகள் இருப்பார்கள். அன்று காலை வண்டியைக் காணாமல் எங்கெல்லாம் தேடினார், யார் இறக்கிக்கொடுத்தது, வியாபாரம் நடந்ததா என்று கேளுங்கள். வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்திருந்தால் அதையும் எழுதுங்கள், சந்தோஷம்தான். அந்த நால்வரின் பெயருக்கு முன்னால் அவர் பெயர் வரட்டும்.

அன்புடன்.