நாடகத்தை ரெக்கோர்ட் பண்ணி வைத்தால் குற்றமா?

கல்முனைப் பக்கம் சட்டத்தரணியாக இருக்கிறேன். டிவி ரெக்கோர்டர் பெட்டி, இணையவழி டிவி பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு என் பதில்கள் இவை.

களுவாஞ்சிக்குடி அக்கா: இரவு நாடகத்தைப் பெட்டியில் பதிந்து மறுநாள் பார்க்கிறேன். பிழையா?

பயப்படாதீர்கள் அக்கா. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுக்க இடம் தருகிறது. சட்டப்படி கிடைத்த பிரதியிலிருந்து எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாதாமாதம் காசு கட்டி எடுத்த இணைப்பு என்றால் அதில் சிக்கல் வராது என்பது என் கருத்து. பென் டிரைவில் போட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தால் கதை வேறு.

இதே கேள்வியோடுதான் 1976இல் யுனிவர்சல், டிஸ்னி ஆகிய படக் கம்பனிகள் சோனியின் பீட்டாமாக்ஸ் வீடியோ டெக்குக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் போயின. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது நியாயமான பயன்பாடு என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்துக்கு நான்கு! ஒரே ஒரு நீதியரசர் மறுபக்கம் சாய்ந்திருந்தால் வீட்டு டெக்கின் கதையே மாறியிருக்கும்.

ஓட்டமாவடித் தம்பி: அப்படித் தீர்ப்பு இருந்தும் பிறகு வந்த கம்பனிகள் ஏன் விழுந்தன?

நல்ல கேள்வி தம்பி. ரீப்ளே டிவி என்ற பெட்டி விளம்பரத்தைத் தானாகவே தாண்டும், பதிந்ததை இணையத்தில் இன்னொருவருக்கும் அனுப்பும். 2001இல் வழக்கு விழுந்தது. தீர்ப்பு வருமுன்னரே, 2003இல், கம்பனி வங்குரோத்தானது.

அப்புறம் கேபிள்விஷன் என்ற அமெரிக்கக் கேபிள் டிவி கம்பனி, பதியும் பெட்டியை வீட்டிலிருந்து எடுத்துத் தன் கட்டடத்துக்குள் வைத்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிப் பிரதி. பொத்தானை அழுத்துகிறவரே பிரதி எடுக்கிறார் என்று 2008இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தத் தைரியத்தில் 2012இல், டிவியை இணையத்தில் காட்டும் ஏரியோ என்ற கம்பனி நியூயோர்க்கில் இறங்கியது. விரல் நகமளவு அன்டெனாக்கள் ஆயிரக்கணக்கில், பார்க்கிற ஆளுக்கு ஒன்று. ‘அன்டெனாவை வாடகைக்குத்தான் விடுகிறோம்’ என்பது அவர்கள் வாதம். 2014இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்றாக, ‘நீங்கள் செய்வது கேபிள்காரன் வேலைதான்’ என்ற முடிவுக்கு வந்தது. அந்த நவம்பரிலேயே வங்குரோத்து. சட்டத்தின் ஓட்டையை அளந்து அதற்கேற்ப யந்திரம் கட்டினால் நீதிமன்றம் யந்திரத்தைப் பார்க்காது, விளைவைத்தான் பார்க்கும் என்று நான் வாசிக்கிறேன்.

சிங்கப்பூரில், வாடிக்கையாளர் கேட்கும் டிவி நிகழ்ச்சியை இணையவழி பதிந்துதரும் ரெக்கோர்ட் டிவி என்ற கம்பனி இதுபோன்ற வழக்கில் 2010இல் வென்றது. அவுஸ்திரேலியாவில் அதே மாதிரிச் சேவை நடத்திய ஒப்டஸ் என்ற தொலைபேசிக் கம்பனி 2012இல் தோற்றது. பிரதி எடுத்தது வாடிக்கையாளரா, கம்பனியா என்ற ஒரே கேள்விக்கு இரண்டு நாட்டில் இரண்டு பதில்.

காத்தான்குடிக் காக்கா: மலிவு விலையில் உலக சனல் எல்லாம் வரும் பெட்டி வாங்கலாமா?

வேண்டாம் காக்கா. கள்ள இணைப்புகளை ஏற்றிவைத்த பெட்டியை விற்பதே உரிமை மீறல் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. இங்கே தெரிந்தே பதிப்புரிமையை மீறினால், நீதவான் 6 மாதம் வரை சிறையோ 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். இந்திய நாடகம்தானே என்று நினைக்க வேண்டாம். மற்ற நாட்டின் படைப்புக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்புத் தரும் பேர்ண் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருக்கின்றன. என் மச்சான் வாங்கிய பெட்டி கிரிக்கெட்டின் கடைசி ஓவரில் நின்றது. விற்றவரின் போன் அன்றிலிருந்து அடிக்கவேயில்லை. முறைப்பாடு செய்யவும் வழியில்லை, கையில் பில் இல்லையே.

அக்கரைப்பற்றுத் தம்பி: தேத்தண்ணிக் கடையில் வீட்டு இணைப்பைப் போடலாமா?

வீட்டு இணைப்பு வீட்டுக்குத்தான். ஒப்பந்தத்தை வாசியுங்கள், கடைக்கென்று தனி இணைப்புக் கேளுங்கள்.

திருக்கோவில் தங்கச்சி: கோயில் திருவிழா நேரலையை யூடியூப் நடுவில் நிறுத்திவிட்டது. ஏன்?

ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு போயிருக்கும் தங்கச்சி. அதைத் தானாகவே பிடிக்கும் பொறி அங்கே இருக்கிறது. மேளக்காரர் நேரில் வாசிக்கிற இடத்தில் மைக்கை வையுங்கள், பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம்.