ஜெபம் பண்ணினால் போதாதா, சபையில் உதவி எதற்கு?

"ஆலயத்துக்குப் போகிறோம், ஜெபிக்கிறோம். அப்புறம் உதவி, ஒத்தாசை என்று ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகளைக் கவனிக்கவில்லை என்று ஆதிச் சபையில் முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பவில்லை. பந்தி விசாரிக்க ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாகப் பார்த்துச் சபையார் தெரிந்தெடுத்தார்கள். சாப்பாடு பங்கிடும் வேலைக்கு அவ்வளவு மதிப்பு!

நம் மதுரைப் பக்கச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒன்று உண்டு. அம்மா உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். மாதக் கடைசியில் ஆலயத்துச் சாக்கில் கொட்டினால் பொன்னியும் ரேஷன் அரிசியும் ஒன்றாய்க் கலந்துவிடும். கொடுத்தது யார் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. எனக்கு அதில் பிடித்ததே இதுதான்.

உதவி சபைக்குள்ளேயே நின்றுவிடவும் கூடாது. இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனிடம் ஊரும் ஜாதியும் கேட்கவில்லையே.

அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது சபை அக்கா ஒருவர் தூக்குவாளியில் ரசஞ்சோறு கொண்டுவந்தார். தலைமாட்டில் நின்று ஜெபித்தார். அப்புறம் என்னிடம், "நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு, கொஞ்சம் தூங்கிட்டு வாம்மா. ராத்திரி நான் இருக்கேன்" என்றார்.