டிசம்பர் 25 இயேசு பிறந்த நாள் என்பதற்கு வரலாற்று ஆதாரம் உண்டா?

நற்செய்தி நூல்கள் இயேசு பிறந்த நாளையோ மாதத்தையோ குறிப்பிடவில்லை. மாற்குவும் யோவானும் பிறப்புக் கதையையே சொல்வதில்லை; மத்தேயுவும் லூக்காவும் சொல்பவை வெவ்வேறானவை. மத்தேயுவில் விண்மீனைக் கண்டு வரும் ஞானிகளும், யூதேயாவின் அரசன் ஏரோதுவுக்கு அஞ்சி எகிப்துக்குத் தப்பிச் செல்லும் குடும்பமும் இடம்பெற, லூக்காவிலோ குடிமதிப்புக்காக (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் செய்த பயணமும், தீவனத் தொட்டியும், இடையர்களும் வருகின்றனர். இவர்கள் அனைவரையும் ஒரே குடிலில் சேர்த்தது பிற்கால மரபே. காலக்கணக்கிலும் சிக்கல் உண்டு: ஏரோது இறந்தது பெரும்பாலும் கி.மு. 4இல், லூக்கா இயேசுவின் பிறப்போடு இணைக்கும், சிரியாவின் ரோம ஆளுநர் குரேனியுவின் கீழ் நடந்ததாக நாம் அறியும் குடிமதிப்போ, யூதேயா ரோமின் நேரடி ஆட்சிக்குள் வந்த கி.பி. 6இல் நிகழ்ந்தது. இந்த இடைவெளியை மழுப்பாமல் ஏற்பதே நேர்மை என்று கருதுகிறேன்.

டிசம்பர் 25க்கான மிகத் தெளிவான பழஞ்சான்று, 354ஆம் ஆண்டில் ரோமில் தொகுக்கப்பட்ட நாட்காட்டித் தொகுப்பாகும். அதே தொகுப்பு, அந்நாளை 'வெல்லப்படாதவர்' பிறந்த நாளாகவும் குறிக்கிறது. இது சூரியக் கடவுளைச் சுட்டுவதாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆனால், சூரிய விழாவைத் திருச்சபை அப்படியே எடுத்துக்கொண்டது என்று அடித்துச் சொல்வது மிகை. மார்ச் 25இல் இயேசு கருவானார் எனக் கொண்டு ஒன்பது மாதங்களைக் கூட்டியதால் இந்நாள் கிடைத்தது என்ற விளக்கத்துக்கும் அறிஞரிடையே ஆதரவு உண்டு. கிழக்குத் திருச்சபைகளில் ஜனவரி 6 பிறப்பு விழா நாளாக வழங்கிவந்தது. ஆர்மேனியத் திருச்சபை இன்றும் அந்நாளிலேயே கொண்டாடுகிறது.