விட்டுப்போன மூன்று பெயர்கள்

(சென்ற இதழில், 1992 மே 23 அன்று சிசிலித் தீவில் மாஃபியாக்காரர்கள் குண்டு வைத்துக் கொன்ற நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனேயைப் பற்றி எழுதியிருந்தேன். அன்றிரவு ஒரு நாளிதழில் பயிற்சி உதவியாசிரியையாக இருந்த நான், அவரோடு இறந்த மெய்க்காவலர்களின் பெயர்களைப் பத்தியில் இடமில்லை என்று வெட்டியதையும் சொல்லியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறேன்.)

"அன்று பெயர்களை வெட்டியதற்காக வருந்துகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சென்ற இதழிலும் 'மூன்று மெய்க்காவலர்கள்' என்றுதானே இருக்கிறது? அவர்களுக்குப் பெயர் இல்லையா?"
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, பட்டுக்கோட்டை

மகளே, உன் கடிதம் இரண்டு வரிதான். அதைப் படித்த பிறகு அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நீ சொல்வது சரி. வருத்தப்பட்டு எழுதிய கட்டுரையிலேயே அதே தவற்றை மறுபடியும் செய்திருக்கிறேன்.

அந்தோனியோ மொந்தினாரோ, வயது 29. இத்தாலியின் தென்கிழக்கில் உள்ள கலிமேரா என்ற ஊர்க்காரர். இரண்டு ஆண் குழந்தைகளின் தந்தை. ரொக்கோ டிச்சில்லோ, வயது 30. பாரி நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள திரிஜ்ஜானோவைச் சேர்ந்தவர். திருமணம் ஆகவிருந்தது. வீத்தோ ஸ்கிஃபானி, வயது 27. நான்கு மாதக் கைக்குழந்தை இருந்தது.

அன்று சனிக்கிழமை. ரோமிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய ஃபால்கோனே பலேர்மோ நகரத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன பழுப்பு நிற ஃபியட் குரோமாவில் இந்த மூவரும் இருந்தார்கள். பின்னால் வந்த வெள்ளைக் காரை ஃபால்கோனேயே ஓட்டினார். பக்கத்தில் அவர் மனைவி ஃபிரான்செஸ்கா மொர்வில்லோ. அவரும் நீதித்துறையில் இருந்தவர். கபாச்சி என்ற இடத்தில், நெடுஞ்சாலைக்கு அடியில் மழைநீர் வடியும் குழாய்க்குள் ஏறத்தாழ 500 கிலோ வெடிமருந்தை அடைத்து வைத்திருந்தார்கள். குன்றின் மேலிருந்து ஜொவான்னி புரூஸ்கா என்பவன் விசையை அழுத்தினான். அங்கே மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு. நமக்கு இரவு ஒன்பதரை. முதல் கார் சாலையை விட்டே தூக்கி எறியப்பட்டு ஓர் ஒலிவத் தோப்பில் போய் விழுந்தது. ஃபால்கோனேயும் மனைவியும் மருத்துவமனையில் இறந்தார்கள்.

டெலிபிரிண்டரில் வந்த செய்தியில் ஆறேழு பத்திகள் இருந்தன. எனக்குக் கொடுத்த இடம் மூன்று பத்தி. நீதிபதியின் பெயரை வைத்துக்கொண்டேன், மனைவியின் பெயரையும் வைத்துக்கொண்டேன். மற்ற மூன்றையும் பேனாவால் அடித்துவிட்டு "மூன்று மெய்க்காவலர்களும்" என்று எழுதினேன். வாயில் நுழையாத பெயர்கள் நம் வாசகருக்கு எதற்கு என்று அப்போது நினைத்தது இன்றும் நினைவிருக்கிறது.

அந்தத் தவற்றை நான் மட்டும் செய்யவில்லை என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. மொந்தினாரோவின் தாயார் பெயர் கார்மெலா. ஃபால்கோனே நினைவுக்கூட்டம் ஒன்றில், மேடையில் எல்லோரும் நீதிபதியின் பெயரையே சொல்லிவிட்டு மற்றவர்களை "காவல் பையன்கள்" என்று சேர்த்துச் சொன்னபோது, அந்த அம்மா அருகில் இருந்த லுயிஜி சோத்தி என்ற பாதிரியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். என் மகனின் பெயரை ஏன் ஒருவரும் சொல்வதில்லை என்று கேட்டாராம். 1995இல் 'லீபெரா' என்ற அமைப்பைத் தொடங்கியவர் அந்தப் பாதிரியார்தான். 1996 முதல் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 21 அன்று, மாஃபியாக்களால் கொல்லப்பட்ட அப்பாவிகள் எல்லோருடைய பெயரையும் ஊர் ஊராக உரக்கப் படிக்கிறார்கள். பட்டியல் ஆயிரம் பெயர்களைத் தாண்டிவிட்டது. 2017இல் இத்தாலி நாடாளுமன்றம் அந்த நாளைச் சட்டப்படியான நினைவுநாள் ஆக்கியது.

பலேர்மோவில் ஒரு பள்ளி முற்றத்தில் நின்று அந்த வாசிப்பை நான் கேட்டிருக்கிறேன். நீதிபதி, மந்திரி என்று தனி வரிசை கிடையாது. 1983 ஜூலை 29 அன்று தலைமை விசாரணை நீதிபதி ரொக்கோ கின்னிச்சியை அவர் வீட்டு வாசலில் கார் குண்டு வைத்துக் கொன்றார்கள். கூடவே இறந்தவர்களில் ஒருவர் அந்தக் குடியிருப்பின் வாயிற்காவலர் ஸ்தெஃபானோ லி சாக்கி. அவர் பெயரையும் அதே குரலில், அதே அளவு நிறுத்தி ஒரு சிறுவன் படித்தான். 1992 ஜூலை 19 அன்று நீதிபதி பாவ்லோ பொர்செல்லீனோவோடு இறந்த ஐந்து காவலர்களில் ஒருத்தி எமானுவெலா லோய். சார்டீனியாத் தீவுப் பெண், வயது 24, ஆசிரியையாக ஆசைப்பட்டவள். அவள் பெயர் வந்தபோது என் பக்கத்தில் நின்ற ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். படித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கால் வலித்தது. ஒருவரும் உட்காரவில்லை.

"மணல் மாஃபியா, கல்வி மாஃபியா, தண்ணீர் மாஃபியா என்று நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. சட்டப்படி மாஃபியா என்றால் என்ன?"
– சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி

இத்தாலியக் குற்றவியல் சட்டத்தின் 416-பிஸ் பிரிவைத் தேடிப் படியுங்கள். வெறும் கொள்ளைக் கூட்டத்துக்கு அந்தச் சட்டம் மாஃபியா என்று பெயர் வைக்கவில்லை. தாங்கள் ஒரு கூட்டம் என்பதாலேயே பிறருக்கு உண்டாகும் அச்சம், அந்த அச்சத்தால் மக்கள் அடங்கிப்போவது, வாய் திறக்காமல் இருப்பது – இவற்றை முதலாக வைத்துத் தொழில்களையும் உரிமங்களையும் அரசுக் குத்தகைகளையும் கைப்பற்றுவது, வாக்குரிமையைத் தடுப்பது. இதுதான் இலக்கணம். அந்த மௌனத்துக்குச் சிசிலியில் 'ஒமெர்த்தா' என்று பெயர். லாரி நிறைய மணலைத் திருடுகிறவன் திருடன். அவன் போகும்போது ஊர் முழுவதும் தலையைத் திருப்பிக்கொள்கிறது என்றால் அந்தச் சொல்லை எழுதலாம். சும்மா எல்லாவற்றுக்கும் ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

இந்தச் சட்டத்துக்கு வழிவகுத்தவர் பியோ லா டோரே. பலேர்மோவின் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர். மாஃபியாவில் இருப்பதே குற்றம், அதன் சொத்தையும் பறிக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். மசோதா கிடப்பில் கிடந்தது. 1982 ஏப்ரல் 30 அன்று அவரையும் காரோட்டி ரொசாரியோ டி சால்வோவையும் சுட்டுக் கொன்றார்கள். மசோதா அப்போதும் அசையவில்லை. செப்டம்பர் 3 அன்று, மாஃபியாவை ஒடுக்கப் பலேர்மோவுக்கு அனுப்பப்பட்ட தளபதி டல்லா கியேசாவை நடுத்தெருவில் மனைவியோடு கொன்றார்கள். காவலர் டொமேனிக்கோ ருஸ்ஸோ பின்னர் இறந்தார். பத்தே நாளில், செப்டம்பர் 13 அன்று, சட்டம் நிறைவேறியது. அந்தப் பத்து நாள் வேகத்தை ஏப்ரலுக்கு முன்பு காட்டியிருந்தால் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

பறித்த நிலம் என்ன ஆயிற்று என்று அடுத்துக் கேட்பீர்கள். பல ஆண்டுகள் தரிசாகத்தான் கிடந்தது. லீபெரா அமைப்பு பத்து லட்சம் கையெழுத்து வாங்கியது. 1996இல் 109ஆம் எண் சட்டம் வந்தது: மாஃபியா தலைவனின் வீடும் வயலும் பொதுப் பயன்பாட்டுக்கே போக வேண்டும். இன்று கொர்லியோனே பக்கத்து வயல்களில் கூட்டுறவுச் சங்கத்து இளைஞர்கள் கோதுமை விளைவிக்கிறார்கள். அந்தக் கோதுமையில் செய்த பாஸ்தாப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்தேன். சமைக்க மனம் வராமல் வெகுநாள் அலமாரியிலேயே வைத்திருந்தேன்.

"அரசியல்வாதி துணையில்லாமல் மாஃபியா வளர முடியுமா?"
– வணிகர், ஈரோடு

முடியாது. பலேர்மோவில் 'வில்லா டெலியெல்லா' என்ற அழகிய மாளிகை இருந்தது. கட்டி ஐம்பது ஆண்டுகள் ஆனால் அதற்குப் பாதுகாப்பு வந்துவிடும் என்ற நிலையில், 1959 நவம்பர் 28, சனிக்கிழமை மாலை இடிக்கத் தொடங்கினார்கள். அனுமதி நகராட்சியில் கிடைத்தது. அப்போது மேயர் சால்வோ லீமா. பொதுப்பணிப் பொறுப்பில் வீத்தோ சான்சிமினோ. அந்த ஆண்டுகளில் கட்டட உரிமங்களில் பெரும்பகுதி, பினாமிகளான ஐந்து பேருக்கே போனது. எலுமிச்சைத் தோப்புகள் அழிந்து அடுக்குமாடிகள் எழுந்தன. பின்னாளில் மேயரும் ஆன சான்சிமினோ மாஃபியாத் தொடர்புக்காகத் தண்டனை பெற்றார். மாளிகை இருந்த இடம் பல பத்தாண்டுகள் கார் நிறுத்துமிடமாகக் கிடந்தது.

"ஃபால்கோனேவுக்கும் பொர்செல்லீனோவுக்கும் அவர்களுடைய அரசு துணை நின்றதா?"
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். 1985 கோடையில் பலேர்மோவின் இரண்டு போலீஸ் அதிகாரிகளைப் பத்து நாளுக்குள் மாஃபியா கொன்றது. அடுத்து ஃபால்கோனேயும் பொர்செல்லீனோவும்தான் என்று தகவல் வந்ததும், இருவரையும் குடும்பத்தோடு அசினாரா என்ற சிறைத்தீவுக்கு அனுப்பினார்கள். மாபெரும் மாஃபியா வழக்குக்கான 8,000 பக்கத்துக்கு மேற்பட்ட ஆவணத்தை முடிக்க அங்கே உட்கார்ந்து உழைத்தார்கள். ஊர் திரும்பிய பிறகு, தீவில் தங்கியதற்கும் சாப்பிட்டதற்கும் அரசு அவர்களுக்குப் பில் அனுப்பியது. கட்டினார்கள்.

அந்த வழக்கு 1986 பிப்ரவரி 10 அன்று, சிறையை ஒட்டிக் குண்டு துளைக்காதபடி கட்டிய நீதிமன்றத்தில் தொடங்கியது. 1987 டிசம்பர் 16 அன்று 19 பேருக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் உடைத்துவிடலாம் என்று மாஃபியா நம்பியது. 1992 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. மார்ச் 12 அன்று, தங்களைக் காப்பாற்றாத முன்னாள் மேயர் சால்வோ லீமாவைச் சுட்டுக் கொன்றார்கள். மே மாதம் கபாச்சி. அதன் பின் 57ஆம் நாள், தாயைப் பார்க்கப் போன பொர்செல்லீனோ. அவர் எப்போதும் கையில் வைத்திருந்த சிவப்பு நாட்குறிப்பு அந்தப் புகையில் காணாமல் போனது. இன்றுவரை கிடைக்கவில்லை. பொய்ச் சாட்சியால் சம்பந்தமில்லாதவர்கள் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார்கள். துணை நின்றதா என்று நீங்களே தீர்மானியுங்கள்.

"மாஃபியா இப்போது ஒழிந்துவிட்டதா?"
– வாசகர், சேலம்

இல்லை. தலைவன் ரீனா 1993இல் பிடிபட்டான்; புரொவென்ஸானோ 2006இல்; முப்பது ஆண்டுகள் ஒளிந்திருந்த மெஸ்ஸீனா டெனாரோ 2023 ஜனவரி 16 அன்று ஒரு மருத்துவமனை வாசலில். குண்டுச் சத்தம் குறைந்திருக்கிறது. மாமூல் வசூல் நிற்கவில்லை.

"என் மகன் ஏரி ஆக்கிரமிப்பு பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு மேல் மனுவாகப் போடுகிறான். இரண்டு முறை வீட்டு வாசலில் வந்து மிரட்டிவிட்டுப் போனார்கள். அவனைத் தடுக்கட்டுமா?"
– ஒரு தாய், மதுரை மாவட்டம்

அம்மா, தடுங்கள் என்றும் சொல்ல எனக்கு மனமில்லை. விடுங்கள் என்று தூரத்தில் உட்கார்ந்து சொல்லவும் எனக்கு உரிமையில்லை. உங்களைப் போன்ற ஒரு தாயின் வீட்டுக்கு நான் போயிருந்தேன். அதைச் சொல்கிறேன்.

பலேர்மோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள சீனிசி என்ற சிற்றூர். ஃபெலீச்சியா இம்பஸ்தாத்தோ என்ற அம்மாவின் கணவரே மாஃபியாவோடு உறவுள்ளவர். மகன் பேப்பினோ அதை எதிர்த்தான். தந்தை வீட்டைவிட்டு விரட்டினார். தாய் மறைவாகச் சோறு போட்டார். 'ரேடியோ அவுட்' என்ற சிறு வானொலியில் பேப்பினோ ஊர்த் தலைவன் படலமெந்தியைப் பெயர் மாற்றிக் கேலி செய்தான். நகராட்சி ஊழலைப் புட்டுப்புட்டு வைத்தான். படலமெந்தியின் வீடு அதே தெருவில், நூறு அடி எடுத்து வைக்கும் தூரத்தில்தான் இருந்தது. 1978 மே 9 அதிகாலை பேப்பினோவின் உடல் ரயில் பாதையில் வெடிமருந்தால் சிதறிக் கிடந்தது. அவனே குண்டு வைக்கப் போய் இறந்தான் என்றது போலீஸ். அதே நாளில் ரோமில் முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோவின் சடலம் கிடைத்ததால், பத்திரிகைகளில் இவனுக்கு இடமே இல்லை. ஊர் என்ன செய்தது தெரியுமா? அந்த வாரமே நடந்த நகராட்சித் தேர்தலில், இறந்த பேப்பினோவுக்கு வாக்களித்து அவனை உறுப்பினனாகத் தேர்ந்தெடுத்தது.

ஃபெலீச்சியா பழிவாங்கலை மறுத்து நீதிமன்றம் போனார். கணவர் வழி உறவை முறித்துக்கொண்டார். வாசல் கதவைத் திறந்து வைத்து, வந்த மாணவர்களுக்கெல்லாம் மகனைப் பற்றிச் சொன்னார். படலமெந்திக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2002இல். அந்தத் தாய் 24 ஆண்டுகள் காத்திருந்தார். 2004இல் இறந்தார். படலமெந்தியின் வீடும் பறிக்கப்பட்டு, இன்று பேப்பினோவின் நினைவைக் காப்பவர்களிடம் இருக்கிறது. நான் இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்து பார்த்தேன். என் கால் சிறியது, நூறைத் தாண்டியது.

ஆனால் பேப்பினோவை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவனுடைய தனிமைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தனித்து விடப்பட்டவர்களே கொல்லப்படுகிறார்கள் என்ற கருத்தை ஃபால்கோனேயும் எழுதியிருக்கிறார். ஆகவே உங்கள் மகனைத் தனியாக மனுப் போட விடாதீர்கள். அதே கேள்வியை ஏரிப் பாசனத்து விவசாயிகள் பத்துப் பேர் தனித்தனியாகக் கேட்கட்டும். மிரட்டியவர்கள் வந்த நாள், நேரம், வண்டி எண் ஆகியவற்றை எழுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகல்கள் ஒரு வழக்கறிஞரிடமும் உள்ளூர் நிருபரிடமும் இருக்கட்டும். எனக்கும் ஒன்று அனுப்புங்கள். அடுத்த முறை அவன் அலுவலகத்துக்குப் போகும்போது, முடிந்தால் தெருவில் நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு நீங்களும் உடன் போங்கள்.